ஆச்சியின் கையளவை எழுத்தில் பிடிப்பது எப்படி?

தேங்காய்ப்பாலில் காய்கறிகளை வேகவைத்துச் செய்யும் எங்கள் வீட்டுச் சொதியை முதன்முதலில் தொலைபேசியில் கேட்டுத்தான் எழுதிக்கொண்டேன். ஆச்சி திருநெல்வேலியிலிருந்து நிதானமாகச் சொல்லச் சொல்ல, நான் சென்னையில் ஒரு வரியும் விடாமல் எழுதினேன். மறுநாள் அதைப் பார்த்துச் செய்தபோது தேங்காய்ப்பால் திரிந்து, வெள்ளைத் திப்பிகள் தனியாகவும் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து நின்றது. ஆச்சி சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. "கடைசில முதல் பாலை ஊத்தி இறக்கிட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிரு" என்றார்கள். முதல் பால் ஊற்றியபின் கொதி வரக்கூடாது, விளிம்பில் சிறு நுரை கூடும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், சாறு பிழிவதற்கு முன் சூடு சற்றுத் தணிய வேண்டும் என்பவையெல்லாம் அறுபது ஆண்டுகள் சொதி வைத்த கைக்குத் தானாகவே தெரிந்தவை. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய செய்திகளாக அவர்களுக்கு அவை தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து நான் எந்தச் சமையல் குறிப்பையும் சொல்லக் கேட்டு எழுதுவதில்லை. செய்பவரின் பக்கத்தில் நின்று, கை செய்வதைப் பார்த்து, கை எடுப்பதை எடைபோட்டு எழுதுகிறேன். குடும்பத்துச் சமையலைத் தொகுக்க விரும்புகிறவர்கள் இந்த முறையைத் தங்கள் வீட்டில் எப்படிக் கையாளலாம் என்பதை, என் பல ஆண்டுப் பழக்கத்திலிருந்து இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

எதை முதலில் எழுதுவது

பலரும் தங்களுக்கு மிகவும் பிடித்த பலகாரத்திலிருந்து தொடங்குவார்கள். என் கருத்தில் அது சரியான தொடக்கம் அல்ல. உங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த பண்டங்கள் எவை என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு பேருக்குத் தெரிந்த அவியல் காத்திருக்கலாம். ஒருவர் கையில் மட்டும் இருக்கும் ஊறுகாய் காத்திருக்காது. எங்கள் பெரிய ஆச்சி இடித்த எள்ளுப்பொடியின் மணம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதில் எள்ளும் வத்தலும் (காய்ந்த மிளகாய்) தவிர என்ன சேர்த்தார்கள் என்பதை அவர்கள் இருந்த காலத்தில் எங்களில் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம்தான் என்னை இந்த வேலையில் முழுமையாக இறங்கச் செய்தது.

அடுத்து, பொடிகளை எழுதுங்கள். குழம்புப்பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, தோசை மிளகாய்ப்பொடி ஆகியவற்றின் அளவு கைக்கு வராமல் புளிக்குழம்பையோ கூட்டாஞ்சோற்றையோ எழுதி வைப்பதில் பயன் குறைவு. 'குழம்புப்பொடி 2 கரண்டி' என்று எழுதியிருக்கும் குறிப்பு, அந்தப் பொடியில் மல்லிக்கு எவ்வளவு வத்தல் போட்டார்கள் என்பது தெரியாதபோது கடைப்பொடியைக் கொண்டு வேறொரு குழம்பாகத்தான் முடியும். பொடிக்குரிய சாமான்களைப் பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து அரைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், ஆண்டுக்கு ஒரு முறைதான் இந்த வாய்ப்புக் கிடைக்கும். மாவடு, மோர்மிளகாய், வடகம், வேப்பம்பூ ஆகியவையும் அதே பருவத்துக்குரியவை. ஆகவே ஒரு நாட்காட்டியில் மாதவாரியாகக் குறித்துக்கொள்வது நல்லது: மாசி இறுதியில் நோன்பு அடை, ஆவணியில் கொழுக்கட்டை, கார்த்திகையில் பொரி உருண்டை, மார்கழியில் திருவாதிரைக் களி என்று அந்தந்த வேளையில் போய் நின்றால்தான் அவை இயல்பாகச் செய்யப்படுவதைப் பார்க்க முடியும். எழுதிக்கொள்வதற்காக மட்டும் ஆடி மாதத்தில் திருவாதிரைக் களி கிண்டச் சொன்னால், சாமான்கள் பொருந்தி வராததோடு, செய்பவரின் மனமும் அதில் நிற்காது.

தராசை எப்படிப் பயன்படுத்துவது

சமையலறைக்குப் போகும்போது நான் எடுத்துச் செல்பவை: 1 கிராம் துல்லியமுள்ள, 5 கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் தராசு ஒன்று; பெருங்காயம், வெந்தயம் போன்றவற்றுக்கு 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று; நிமிடம் பார்க்க ஒரு கடிகாரம்; பாத்திரத்தின் ஆழத்தையும் நீர் மட்டத்தையும் பார்க்க ஓர் எஃகு அடிக்கோல்; பென்சில்; நோட்டு. பேனாவைவிடப் பென்சில் நல்லது, ஏனெனில் ஈரக்கை பட்டாலும் எழுத்துக் கரையாது. கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒரு மூலையில் வைத்துவிடலாம். காணொளி எடுப்பதை முதல் முறையில் நான் தவிர்த்துவிடுவேன். கேமராவைப் பார்த்ததும் பெரியவர்கள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வழக்கமாகச் செய்யாத சுத்தபத்தத்தோடு சமைக்கத் தொடங்கிவிடுவார்கள். கை தன்னிச்சையாகச் செய்யும் செயல்கள் மறைந்துவிடும்.

பெரியவரிடம் கிண்ணத்தைக் கொடுத்து, "இதில் உங்கள் கையளவு உப்பைப் போடுங்கள், எடைபோடுகிறேன்" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கிண்ணத்தில் போடும் கைக்கும் குழம்பில் போடும் கைக்கும் வேறுபாடு உண்டு. அதற்குப் பதிலாக உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு, புளிப் பானை, அஞ்சறைப்பெட்டியின் ஒவ்வொரு கிண்ணம் என எல்லாவற்றையும் சமையல் தொடங்குவதற்கு முன் எடைபோட்டுக் குறித்துவிடுங்கள். அவர் வழக்கம்போல் சமைக்கட்டும். ஒவ்வொரு முறை கையை விட்டு எடுத்தபின் அந்த ஜாடியை மறுபடி தராசில் வையுங்கள். குறைந்தது எவ்வளவோ, அதுவே அவருடைய கையளவு.

சொதிக்காக ஆச்சியின் பக்கத்தில் நின்ற நாளில் உப்பு ஜாடி முதலில் 742 கிராம் இருந்தது. காய்கள் பாதி வெந்ததும் ஆச்சி வலது கையின் மூன்று விரல்களால் கல்லுப்பை அள்ளி, சட்டிக்கு மேலே விரல்களைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தார்கள். ஆவியில் முகத்தைக் கொடுத்து ஒரு கணம் மோந்துவிட்டு, விரலில் மிஞ்சிய நாலைந்து கற்களைத் திரும்ப ஜாடியிலேயே போட்டார்கள். தராசு 731 காட்டியது. இறக்குவதற்குச் சற்று முன் இன்னொரு சிட்டிகை. அதன்பின் 726. ஆக மொத்தம் 16 கிராம், அதில் 11 காய் வேகும்போதும் 5 கடைசியிலும். அள்ளியதைக் கிண்ணத்தில் பிடித்து எடைபோட்டிருந்தால், திரும்ப ஜாடிக்குப் போன அந்த நாலைந்து கற்களும் கணக்கில் சேர்ந்திருக்கும். இரண்டு தவணையாகப் போடுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்காது. "ஏன் ஆச்சி, ரெண்டு தடவையா போடுதீங்க?" என்று கேட்டபோதுதான், "பால் ஊத்துனா உப்பு மங்கிரும்லா, அதுக்கு மிச்சம் வச்சுக்கிடணும்" என்று காரணம் வந்தது.

தண்ணீரையும் இப்படியே பார்க்க வேண்டும். எந்தச் செம்பில் மொண்டு ஊற்றுகிறார்களோ அந்தச் செம்பின் கொள்ளளவை முதலிலேயே அறிந்துகொள்ளுங்கள். வெறும் செம்பைத் தராசில் வைத்து, பிறகு தண்ணீர் நிரப்பி வைத்தால், கூடிய கிராமே மில்லிலிட்டர் கணக்கு. அடுப்பிலேறும் பாத்திரத்தையும் வெறுமையாக ஒரு முறை, சமையல் முடிந்து இறக்கியபின் ஒரு முறை எடைபோட்டு வைத்தால், எவ்வளவு நீர் சுண்டியது என்பதும் கிடைத்துவிடும். வற்றக்குழம்புக்கும் பாகுக்கும் இந்த ஓர் எண் மிகவும் உதவியாக இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

எண்ணோடு சேர்த்து அடையாளத்தையும் எழுத வேண்டும். அடுப்பும் பாத்திரமும் மாறும்போது நிமிடக் கணக்குத் தவறும். மணமும் ஒலியும் நிறமும் தவறுவதில்லை. ஆகவே 'வெங்காயம் 4 நிமிடம்' என்று எழுதி நிறுத்தாமல், 'ஓரங்கள் கண்ணாடி போல் ஆகி, பச்சை வாசம் போகும்வரை; எங்கள் அடுப்பில் 4 நிமிடம்' என்று எழுதுங்கள். ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும். துவையலுக்கு உளுத்தம்பருப்புப் பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்க வேண்டும். கடுகு வெடித்து ஓய்ந்தபின்தான் கறிவேப்பிலை. நம் மொழியில் பாகுக்கு மட்டுமே எத்தனை அடையாளங்கள் இருக்கின்றன. அதிரசப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும்; பொரிவிளங்காய் உருண்டைக்கு அதே உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். வெப்பமானி இருந்தால் அந்தப் பதத்தில் எத்தனை டிகிரி என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். சர்க்கரைப் பாகு மெத்தென்ற உருண்டையாகும் நிலை ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை. சத்தம் கேட்கும் கெட்டியான உருண்டைக்கு 121-க்கு மேல் போக வேண்டும். வெல்லத்தில் அழுக்கும் ஈரமும் கூடக்குறைய இருப்பதால் வெப்பமானியை மட்டும் நம்பாமல் தண்ணீர்ச் சோதனையையே முதன்மையாக எழுதுங்கள்.

என்ன கேட்பது

வேலை நடந்துகொண்டிருக்கும்போது குறைவாகப் பேசுவதும், இறக்கி வைத்தபின் நிறையக் கேட்பதும் நல்லது. "எவ்வளவு போடுவீர்கள்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "அதெல்லாம் ஒரு கணக்கா, பாத்துப் போட வேண்டியதுதான்" என்ற விடைதான் கிடைக்கும். என் அனுபவத்தில் அதிகம் பயன் தந்த கேள்வி, "இது எப்போதெல்லாம் கெட்டுப்போயிருக்கிறது?" என்பதுதான். தவறிய நாள்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சரியாக வருவதற்கான நுட்பங்கள் எல்லாம் தாமாக வெளியே வரும். புளித்தண்ணீரை முன்னதாக ஊற்றியதால் காய் வேகாமல் நறுக்கென்று நின்ற கதையைச் சித்தி சொன்னபோதுதான், காய் முக்கால்வாசி வெந்தபின் புளி என்ற வரி எங்கள் குறிப்பில் ஏறியது. புளிப்பு, காய்களும் பருப்பும் மென்மையாவதைத் தடுக்கும் தன்மையுடையது; காரணம் தெரியாமலே நம் வீட்டுப் பெண்கள் அந்த வரிசையைத் தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறார்கள்.

வேறு சில கேள்விகளும் உதவும். இதை யாரிடமிருந்து கற்றுக்கொண்டீர்கள்? அவர்கள் செய்ததற்கும் நீங்கள் செய்வதற்கும் என்ன வேறுபாடு? எந்த நாளில், யாருக்காகச் செய்வீர்கள்? இதற்கு வெஞ்சனம், அதாவது தொட்டுக்கொள்ள, என்ன? எங்கள் பக்கத்தில் திருமணத்துக்குப் பின் வரும் மறுவீட்டு விருந்தில் சொதி இருக்கும், கூடவே இஞ்சித் துவையல் கட்டாயம் இருக்கும். தேங்காய்ப்பாலின் மந்தத்துக்கு இஞ்சி மாற்று என்று ஆச்சி சொன்னார்கள். அதை எழுதாமல் விட்டால், அடுத்த தலைமுறையில் யாரேனும் சொதியை அப்பளத்தோடு மட்டும் பரிமாறிவிடுவார்கள்.

சொற்களை மாற்றாமல் எழுதுவதும் முக்கியம். ஆச்சி மிளகை 'நல்லமிளகு' என்றும், காய்ந்த மிளகாயை 'வத்தல்' என்றும், தோசைத் திருப்பியைச் 'சட்டுவம்' என்றும்தான் சொல்வார்கள். குறிப்பில் அந்தச் சொல்லையே எழுதி, தேவையானால் ஓரத்தில் விளக்கம் கொடுங்கள். படிக்கும்போது அவர்கள் குரல் கேட்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட, 'வத்தல்' என்பதைப் பிற்காலத்தில் சுண்டைக்காய் வற்றல் என்று எவரும் தவறாகக் கொள்ளாமல் இருக்க அந்த ஓரக் குறிப்பு தேவை.

பழைய நோட்டு கிடைத்தால்

சில வீடுகளில் பரணில் ஒரு நோட்டு இருக்கும். அதில் பலம், வீசை, ஆழாக்கு என்று அளவுகள் இருந்தால் மலைக்க வேண்டாம். 1956-இல் எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டு, அதையொட்டி அடுத்த சில ஆண்டுகளில்தான் கிராமும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்தன. அதன்பின்னும் வெகுகாலம் சமையலறையில் பழைய அளவுகளே புழங்கின. ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். 8 பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். பிரசவ லேகியம் போன்றவற்றில் 'ஒரு ரூபாய் எடை' என்று இருந்தால் அது அக்காலத்து வெள்ளி ரூபாயின் எடையான ஒரு தோலா, ஏறத்தாழ 11.7 கிராம், மூன்று ரூபாய் எடை ஒரு பலம். லேகியங்களைத் தொகுத்து வைக்கலாம், ஆனால் பிள்ளை பெற்றவருக்குக் கொடுக்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

முகத்தல் அளவில் எச்சரிக்கை தேவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற விகிதம் உறுதியானது. ஆனால் படி என்பதே ஊருக்கு ஊர் சிறிதும் பெரிதுமாக இருந்தது. ஆகவே புத்தகத்தைப் பார்த்து மாற்றாமல், அந்த வீட்டுப் படியோ உழக்கோ மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். பல வீடுகளில் அது இன்னும் அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்கும். தண்ணீர் நிரப்பி எடைபோட்டால் விடை கிடைத்துவிடும். தலைதட்டி அளந்தார்களா, கோபுரமாக அளந்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசியில் இந்த ஒன்றே கணிசமான வேறுபாட்டை உண்டாக்கும்.

'எலுமிச்சங்காய் அளவு புளி', 'நெல்லிக்காய் அளவு வெல்லம்', 'சுண்டைக்காய் அளவு பெருங்காயம்' போன்றவை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. பெரியவர் உருட்டிக் கொடுப்பதை மூன்று வெவ்வேறு நாள்களில் எடைபோட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டு எலுமிச்சங்காய் 26, 29, 28 என்று வந்தது. 28 என்று எழுதிக்கொண்டேன். மூன்று எண்களும் அவ்வளவு நெருங்கி நின்றதைக் கண்டபோது, கண்மதிப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று வியந்துபோனேன்.

சாமானும் பாத்திரமும்

அளவு சரியாக இருந்தும் ருசி வராததற்குப் பெரும்பாலும் சாமானே காரணம். பழைய புளி கறுத்து, புளிப்பு ஏறியிருக்கும். புதுப் புளி சிவந்து, சற்று இனிப்போடு இருக்கும். குழம்புக்குப் பழையது, ரசத்துக்குப் புதியது என்று எங்கள் வீட்டில் பிரித்தே வைப்பார்கள். வத்தலில் நீளமான சம்பா ஒரு வகை, உருண்டையான குண்டு மிளகாய் இன்னொரு வகை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் தோல் தடித்து, காரமும் தனி வாசமும் கொண்டது. '20 வத்தல்' என்று எண்ணிக்கையில் எழுதுவதைவிட வகையையும் எடையையும் எழுதுங்கள். எண்ணெய் நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, செக்கில் ஆட்டியதா என்பது வேண்டும். அரிசி புழுங்கலா பச்சரிசியா என்பது வேண்டும்.

தண்ணீரையும் குறிப்பிடலாம். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். ஆற்றுத் தண்ணீரில் குழைந்த அதே துவரம்பருப்பு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு நேரமானாலும் விரைத்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

பாத்திரத்தில் கல்சட்டிக்கு மட்டும் ஒரு தனி வரி எழுத வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கியபின்னும் அதில் குழம்பு வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆகவே கல்சட்டியில் வைத்த புளிக்குழம்பு சற்று நீர்த்திருக்கும்போதே இறக்கப்படும். அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரத்தில் செய்தால் குழம்பு தண்ணீராக நின்றுவிடும். அம்மியில் அரைத்ததை மிக்சியில் அரைக்கும்போதும் இப்படித்தான்: அம்மியில் தெளிக்கும் தண்ணீர் மிகக் குறைவு, மிக்சிக்குக் கூடுதல் வேண்டும், துவையலின் பதமே மாறிவிடும். நான் இரண்டு வழிகளையும் எழுதி, மிக்சிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மில்லிலிட்டரில் குறிக்கிறேன்.

செய்து பார்த்துச் சரிபார்ப்பது

எழுதி முடித்த குறிப்பை ஒரு வாரத்துக்குள் நீங்களே, உங்கள் அடுப்பில், உங்கள் கடைச் சாமானைக்கொண்டு செய்து பாருங்கள். அப்போது நினைவிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. தாளில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும். எங்கே கை தயங்குகிறதோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டுவிட்டு, ஒலிப்பதிவைக் கேட்டோ நேரில் கேட்டோ நிரப்புங்கள். இரண்டாம் முறை திருத்திய குறிப்பின்படி செய்யுங்கள். மூன்றாம் முறை செய்ததைப் பெரியவருக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் முதல் வாய் எடுத்து வைத்தபின் சொல்லும் முதல் சொல்லை அப்படியே எழுதுங்கள், ஏனெனில் இரண்டாவதாகச் சொல்வது உங்கள் மனம் நோகாமல் இருப்பதற்காகச் சொல்வது. என் மூன்றாவது சொதியை வாயில் வைத்ததும் ஆச்சி "இஞ்சி பின்னால நிக்கி" என்றார்கள். நான் இஞ்சியைத் தோலோடு எடைபோட்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர்கள் எழுதச் சொன்ன 20 கிராம் தோல் சீவிய இஞ்சி. அதிலிருந்து எல்லாக் காய்களுக்கும் 'சீவியபின்', 'நறுக்கியபின்' என்று சேர்த்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்படி மூன்று முறை கடந்து வந்த எங்கள் சொதிக் குறிப்பு இவ்வாறு இருக்கிறது. ஆறு பேருக்கு நடுத்தரத் தேங்காய் 2, துருவல் 380 கிராம். அதிலிருந்து முதல் பால் 350, இரண்டாம் பால் 450, மூன்றாம் பால் 600 மில்லிலிட்டர். சிறுபருப்பு 100 கிராம் தனியே மலர வேகவைத்து மசித்தது. சீவி நறுக்கியபின் உருளைக்கிழங்கு 200, கேரட் 150, பீன்ஸ் 100, உரித்த பச்சைப் பட்டாணி 80, சின்ன வெங்காயம் 120 கிராம், முருங்கைக்காய் 2, பூண்டு 12 பல். இஞ்சி 20 கிராமும் பச்சை மிளகாய் 28 கிராமும் சேர்த்து அரைத்த விழுது. வெங்காயத்தையும் பூண்டையும் நெய்யில் நிறம் மாறாமல் வதக்கி, மற்ற காய்களைச் சேர்த்து மூன்றாம் பாலில் வேகவிட்டு, பாதி வெந்ததும் உப்பு 11 கிராமும் விழுதும் சேர்த்து, பச்சை வாசம் போனபின் இரண்டாம் பாலும் பருப்பும் ஊற்றி மெல்லிய தீயில் ஒரு கொதி விட வேண்டும். பிறகு தீயை மிகவும் குறைத்து, மீதி உப்பு 5 கிராம் போட்டு, முதல் பாலை ஊற்றி ஒரே திசையில் மெதுவாகக் கிளறி, விளிம்பில் நுரை கூடியதும் அணைத்து இறக்க வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறு 35 மில்லிலிட்டர் கலக்க வேண்டும். கடுங்கொதியும் கொதிக்கும்போது விழும் புளிப்பும் தேங்காய்ப்பாலைத் திரித்துவிடும் என்ற எச்சரிக்கையை அதன் கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

ஒரே பண்டத்துக்கு அத்தை ஒரு விதமும் பெரியம்மா ஒரு விதமும் சொன்னால் இரண்டையும் கலந்து நடுவான ஒன்றை உருவாக்காதீர்கள். அது இருவர் கையிலும் இல்லாத மூன்றாவது சமையலாகிவிடும். 'அத்தை வீட்டுப் புளிமிளகாய்', 'பெரியம்மா வீட்டுப் புளிமிளகாய்' என்று தனித்தனிப் பக்கத்தில், அவரவர் பெயரும் ஊரும் எழுதிய நாளும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தம் கைப்பக்குவத்தை வெளியில் தர விரும்பாவிட்டால் அந்த விருப்பத்தைக் குறிப்பின் தலைப்பிலேயே எழுதி, வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்வதே மரியாதை.

பாதுகாத்து வைப்பது

எண்ணெய்க் கறை படிந்த மூல நோட்டைச் சமையலறையில் வைக்க வேண்டாம். அங்கே ஒரு நகல் போதும். பழைய தாள்களைச் சன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர்மேலே இருந்து படம் எடுங்கள். கிழிந்த ஓரங்களில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் அது பழுத்து எழுத்தையும் கெடுத்துவிடும். லாமினேஷனும் வேண்டாம்; ஒருமுறை செய்துவிட்டால் தாளைத் திரும்பப் பிரிக்க முடியாது. தட்டச்சு செய்யும்போது யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோப்பும் ஒலிப்பதிவும் குறைந்தது மூன்று இடங்களில் இருக்கட்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் உள்ள உடன்பிறப்பின் வீடாக இருக்கட்டும்.

நோட்டில் எழுதும்போது இடப்பக்கத்தில் மட்டும் குறிப்பை எழுதி, வலப்பக்கத்தை முழுவதும் வெறுமையாக விட்டுவிடுவது என் வழக்கம். அடுத்து சமைப்பவர், நாளும் பெயரும் போட்டு, தம் அடுப்பில் என்ன மாறியது என்று அங்கே எழுதலாம். எங்கள் சொதிப் பக்கத்துக்கு எதிரே இப்போது இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. ஒன்று என் தம்பி மனைவியுடையது: 'பட்டாணி கிடைக்கவில்லை, பீன்ஸ் கூட்டினேன், உப்பு 15 போதும்.' மற்றது என் மகளுடையது, பென்சிலில்: 'தேங்காய் சிறியது, 3 எடுத்தேன். பாட்டி சொன்ன நுரையைப் பார்த்தேன். திரியவில்லை.'